சுண்ணாம்புக்கு அடங்காத தண்ணீர்

நான் வேலை பார்த்த கம்பெனியில் என் பெயரில் ஒரு விதி இருக்கிறது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. தண்ணீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் போனில் கூப்பிட்டார்கள்.

“சார், சோதனைக்குத் தண்ணி எடுக்கப் போறதுக்கு முன்னாடி ஒருத்தர் போட்டிருக்கிற சட்டைய இன்னொருத்தர் பாத்துக் கையெழுத்து போடணுமாம். அதுக்குப் பேரு ‘பழனிவேல் செக்கிங்’னு சொல்றாங்க. நீங்க இன்னா சார், பெரிய விஞ்ஞானியா?”

“இல்லம்மா, குற்றவாளி” என்றேன்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் அவர்களுக்கு ஷிப்ட் தொடங்கிவிட்டது. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு வேலை கிடைப்பது அபூர்வம். என் மனைவிக்கும் சந்தோஷம். நான் எழுதுகிற நேரமெல்லாம் அவள் சமையலில் நான் குறை சொல்லாத நேரம்.

எனக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். வேதியியல் படித்தேன். படித்ததில் பாதியை ஒரு சர்க்கரை ஆலையின் சோதனைக்கூடத்தில் கரும்புச் சாற்றைப் பார்த்தபடியே மறந்தேன். பிறகு எலவனாசூர்கோட்டையைத் தாண்டி, கரும்பும் மரவள்ளியும் விளைகிற நிலத்துக்கு நடுவே ஒரு சின்ன செமிகண்டக்டர் தொழிற்சாலை வந்தது. அதன் தண்ணீர்ப் பிரிவில் ஆள் எடுத்தார்கள். சேர்ந்துவிட்டேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

வண்டிகளில் வைக்கிற டயோடும் சென்சாரும் அங்கே செய்வார்கள். நாங்கள் ‘சிப்’ என்போம், ஊர்க்காரர்கள் ‘சிப்ஸ் கம்பெனி’ என்பார்கள். முதல் தீபாவளிக்கு என் மாமியார் வீட்டில், “கம்பெனில இருந்து ரெண்டு பாக்கெட் எடுத்தாரக் கூடாதா?” என்று கேட்டார்கள். நான் விளக்கிச் சொன்னேன். கஞ்சன் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

சிப் செய்வது என்பது பெரும்பாலும் கழுவுவதுதான். சிலிக்கான் தகட்டின் மேல் ஒளி பட்டால் மாறுகிற ஒரு பூச்சைத் தடவுவார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத கோலம் போடுவார்கள். வேண்டாத இடத்தை அமிலத்தால் அரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு அலசுவார்கள். திரும்ப அலசுவார்கள். அந்த அலசின தண்ணீர் எல்லாம் கடைசியில் எங்களிடம் வந்து சேரும். அதில் ஃப்ளோரைடு இருக்கும். அதில் சுண்ணாம்பைக் கலக்கினால் ஃப்ளோரைடு சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைச் சேறாக அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். பன்னிரண்டு வருடம் இதைத்தான் செய்தேன். வெற்றிலைக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்பது கூட இன்றுவரை எனக்குச் சரியாக வராது, ஆனால் தொட்டிக்கு எவ்வளவு என்பதைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வேன்.

அந்தத் தெளிந்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மதில் ஓரமாக ஒரு புல்தரை போட யோசனை சொன்னவனும் நான்தான். சித்திரை வெயிலில் சுற்று வட்டாரமே காய்ந்து கிடக்கும்போது எங்கள் புல் மட்டும் பச்சைப் பசேல் என்று இருக்கும். பார்க்க வருகிறவர்களை மேனேஜர் முதலில் அங்கேதான் கூட்டிப் போவார். “எல்லாம் எங்க பழனிவேல் தண்ணி” என்பார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். எத்தனை முறை குனிந்தேன் என்பதை நினைத்தால் இப்போது கழுத்து வலிக்கிறது.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு காலனி. முப்பது நாற்பது வீடுகள். எல்லாரும் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போகிறவர்கள். அவர்களுக்குக் குடிநீர் ஒரு கைப்பம்பிலிருந்து வந்தது. மாதம் ஒரு முறை அந்தப் பம்பில் நான் தண்ணீர் பிடித்துச் சோதிப்பேன். அஞ்சலை என்று ஓர் அக்கா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பெரும்பாலும் அங்கே குடத்தோடு நிற்பார்.

“இன்னா சார், மாசம் தவறாம எங்க தண்ணிய எடுத்துக்கினு போறீங்க. உங்க கம்பெனில தண்ணி கம்மியா?”

“சோதனைக்குக்கா.”

“நல்லாருக்குதா?”

“உங்க தண்ணிக்கு இன்னாக்கா கொறச்சல்.”

ஃப்ளோரைடு அளவோடுதான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை. நான் தேடியதைத்தான் கண்டேன். தேடாததைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மெஹருன்னிசா மேடம் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. உளுந்தூர்பேட்டைக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதனால் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. திட்டமாட்டார். ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார். “தொட்டி ரொம்பிடுச்சு மேடம்” என்று யாராவது சொன்னால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “பாத்தீங்களா, நெனச்சீங்களா?” என்று கேட்பார். பாதிப் பேர் உடனே தொட்டியைப் பார்க்க ஓடுவார்கள். ஒரு முறை நான், “மணி நாலு ஆயிடுச்சு மேடம்” என்று சொல்லிவிட்டு, அவர் கேட்பதற்கு முன்பே கடிகாரத்தை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

அவர் வந்த வருடமே எங்கள் சரக்கை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் கழிவுநீரில் பிஃபாஸ் எவ்வளவு, சுற்றியுள்ள தண்ணீரில் எவ்வளவு, சோதித்து அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

பெயரைப் பார்த்ததும் ஏதோ மருந்து என்று நினைத்தேன். மேடம் உட்கார வைத்து விளக்கினார். கார்பனும் ஃப்ளோரினும் இறுகப் பிடித்துக்கொண்ட ஒரு பெரிய குடும்பம் அது. எண்ணெயும் ஒட்டாது, தண்ணீரும் ஒட்டாது. நாங்கள் தகட்டில் தடவுகிற அந்த ஒளிப் பூச்சில் கொஞ்சம் இருக்கிறது. அலசும்போது வந்துவிடுகிறது. வெயிலுக்கு அழியாது, கிருமி தின்னாது, கொதிக்க வைத்தாலும் போகாது. உடம்புக்குள் போனால் வருடக் கணக்கில் தங்கும். மெல்ல மெல்லக் கெடுதல் செய்யும்.

“சுண்ணாம்பு போட்டா, மேடம்?” என்று கேட்டேன்.

“அடங்காதுங்கண்ணா.”

“ஃப்ளோரின்தானே மேடம்?”

“ஒரே வூட்டுப் புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்குது?”

பன்னிரண்டு வருடமாக என் சுண்ணாம்புத் தொட்டியை அது கண்டுகொள்ளாமல் கடந்து போயிருக்கிறது. எனக்கு வருத்தத்தைவிட ரோஷம்தான் அதிகமாக வந்தது.

இதைத் தேடுவதில் ஒரு தொல்லை. மிகமிகக் கொஞ்சமாக இருந்தாலே கணக்கு. கோமுகி அணை நிரம்பி நிற்கும்போது அதில் ஒரு கரண்டி கலந்தால் அதையும் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி வெளியூர் ஆய்வகத்தில் இருந்தது. அதனால் தண்ணீர் பிடிக்கிறவன் மேல் ஒட்டியிருப்பது கூட மாதிரியில் வந்துவிடும். மேடம் ஒரு பட்டியல் கொடுத்தார். புதுத் துணி கூடாது. ஆறு முறையாவது துவைத்த பருத்திச் சட்டை வேண்டும். துணி மணக்கப் போடுகிற திரவம் கூடாது. முகத்துக்கு கிரீம் கூடாது. தண்ணீர் ஒட்டாத மழைச்சட்டை கூடவே கூடாது. பாட்டில் மூடிக்குள் டெஃப்ளான் இருக்கக் கூடாது. தண்ணீரின் மேற்பரப்பில் மொள்ளக் கூடாது, பாட்டிலை உள்ளே அமிழ்த்தி ஓட்டத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். காலையில் எண்ணெய் ஒட்டாத தாளில் கட்டிய பரோட்டா சாப்பிட்டுவிட்டு வரக் கூடாது.

கடைசி விதியை அவர் தினமும் கேட்பார். “காலைல இன்னா சாப்டீங்கண்ணா?”

“இட்லி மேடம்.”

“எதுல?”

“வாயில மேடம்.”

சிரிக்கவில்லை. “தட்டா, பார்சலா?” என்றார்.

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. நாங்கள் அதற்கு ‘சாட்சி பாட்டில்’ என்று பெயர் வைத்தோம். ஆய்வகமே சுத்தமான தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பிக் கொடுக்கும். கூடவே ஒரு காலி பாட்டில். மாதிரி எடுக்கிற அதே இடத்தில், அதே நேரத்தில், நிறைந்ததைத் திறந்து காலியானதில் ஊற்றி மூட வேண்டும். அதில் பிஃபாஸ் வந்தால் தவறு தண்ணீரில் இல்லை, எடுத்தவன் கையில் இருக்கிறது. வரவில்லை என்றால் எடுத்தவன் சுத்தம், தண்ணீர்தான் கெட்டது. எளிய ஏற்பாடு. சாட்சி உண்மை சொன்னால் போதும்.

மொத்தம் மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். எங்கள் கழிவுநீர், காலனிக் கைப்பம்பு, ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கம்பெனியும் இல்லாத ஓர் இடம். மூன்றாவதுக்குக் கல்வராயன் மலையைத் தேர்ந்தெடுத்தார் மேடம். வெள்ளிமலைக்கு அப்பால் ஓர் ஓடை. தொழிற்சாலையும் கிடையாது, ஊரும் கிடையாது. முதல் இரண்டையும் மேடம் கூட நின்று எடுக்கவைத்தார். மலைக்கு நான் மட்டும் என் வண்டியில், பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஐப்பசி மாதம். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நின்றேன். வானம் மூடியிருந்தது. மலையில் மழை பிடித்தால் தாள் நனைந்துவிடும் என்று டீக்கடை மேசையிலேயே படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன். மழைச்சட்டை அணியவில்லை, டிக். சாட்சி பாட்டில் மாதிரி எடுத்த இடத்தில் ஊற்றப்பட்டது, டிக். கையெழுத்தும் போட்டேன். ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்பே செய்து முடித்துவிட்ட நிம்மதி இருக்கிறதே, அது தனி.

வண்டியை விட்டுவிட்டு ஓடைக்கு இருபது நிமிடம் இறங்க வேண்டும். ரோட்டோரத்தில் கொஞ்சம் வெயில் இருந்தது. மாதிரிக்கு இரண்டு, சாட்சிக்கு இரண்டு என்று நான்கு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்குவானேன் என்று சாட்சி பாட்டிலை அங்கேயே திறந்து ஊற்றி மூடிப் பெட்டியில் வைத்துவிட்டேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, மலை மழை. வண்டிக்குத் திரும்பி ஓடினேன். சீட்டுக்கு அடியில் ஒரு மழைச்சட்டை இருந்தது. அதே வெளிநாட்டுக் கம்பெனி எங்களுக்குப் பரிசாகக் கொடுத்தது. தாமரை இலை மேல் போல அதன் மேல் தண்ணீர் உருண்டு ஓடும். ஒரு தரம்தானே என்று போட்டுக்கொண்டேன்.

ஓடைக்கரையில் சாமை விதைத்திருந்த ஓர் அம்மா, ராமாயி என்று பெயர், கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

“இன்னா சாமி, தண்ணி அள்ள வந்தியா?”

“ஆமாம்மா. சோதனைக்கு.”

“அதுக்கு இம்மாம் சோக்காவா வர்றது? பொண்ணு பாக்க வந்தியோன்னு நெனச்சேன்.”

எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. குனிந்து, ஓட்டத்துக்கு எதிராகப் பாட்டிலை அமிழ்த்தினேன். மழைச்சட்டையின் கையிலிருந்து தண்ணீர் மணி மணியாக உருண்டு பாட்டில் வாய்ப் பக்கமாகச் சொட்டியது. பார்த்தேன். நினைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. மேனேஜர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கழிவுநீரில் பிஃபாஸ் நிறைய. அது எதிர்பார்த்ததுதான். காலனிப் பம்பில் கொஞ்சம். மலை ஓடையில்? காலனிப் பம்பில் இருந்த அதே அளவு. சாட்சி பாட்டில் சுத்தம்.

மேனேஜர் நல்ல மனிதர், சிரித்த முகம். அன்று கூடுதலாகச் சிரித்தார்.

“பாத்தீங்களா மேடம்? கல்வராயன் மலையிலயே இருக்குது. மலையில நாம ஃபேக்டரியா வெச்சிருக்கோம்? உலகம் பூரா இருக்குது இது. காலனில இருக்கிறதுக்கு நாம காரணம் இல்ல. அப்படியே கடிதம் தயார் பண்ணிடலாம்.”

மேடம் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மலையில எப்படி சார்?” என்று மட்டும் கேட்டார்.

“காத்துல வரும், மழையில வரும். பழனிவேல் எடுத்தா தப்பா இருக்குமா?”

அந்த அறையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மலையில் பிஃபாஸ் இல்லை. என் மழைச்சட்டைக் கையில் இருந்தது, அதைப் போடுவதற்கு முன்பே ஊற்றி மூடிய சாட்சிக்கு அது தெரியாது. வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஓய்வுக்கு மாதங்கள்தான் இருந்தன. பன்னிரண்டு வருடப் பெயர். படிவத்தில் பொய்யாகக் கையெழுத்துப் போட்டவன் என்று வெளியே போக மனம் வரவில்லை. நாலு நாள் பேசாமல் இருந்தேன். அந்த நாலு நாளும் மேடம் தினமும், “காலைல இன்னா சாப்டீங்கண்ணா?” என்று கேட்டார். எனக்கு மட்டும் அது வேறு கேள்வியாகக் கேட்டது.

ஐந்தாம் நாள் காலனிப் பக்கம் போனேன். அஞ்சலையக்கா குடத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள், இடுப்பில் நாலு மாதக் குழந்தை.

“சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இவளுக்குப் பால் பத்தல. பவுடர் பாலு குடுக்கச் சொல்லிட்டாங்க ஆஸ்பத்திரில. இந்தத் தண்ணிலதான் கலக்குறோம். காய்ச்சித்தான் கலக்குறோம். சரிதானே சார்?”

மாதா மாதம் சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது.

“பாத்துச் சொல்றேங்கக்கா. ரெண்டு நாளைக்கு எங்க கம்பெனில குடிக்கிற தண்ணி தர்றேன், கொழந்தைக்கு அதுல கலக்குங்க.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல தண்ணின்னுதானே சொல்லிக்கினு இருந்தீங்க?” என்றார்.

நேராக மேடம் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். டீக்கடை, டிக், ரோட்டோரம், மழைச்சட்டை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்ததும் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“சொட்டுச்சுன்னு பாத்தீங்களா, நெனச்சீங்களா?”

“பாத்தேன் மேடம்.”

“அந்தச் சட்டை இன்னா கலரு?”

“நீலம், மேடம்.”

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்குது. நல்ல சட்டைங்கண்ணா அது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “மலையில எப்படின்னு நாலு நாளா தூக்கமே வரலைங்க எனக்கு. நீங்க கொஞ்சம் சீக்கிரமாச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். “எழுதுங்க. டீ குடிச்சது உட்பட.”

எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. பிழையெல்லாம் திருத்தி, டீக்கடை என்பதை தேநீர்க்கடை என்று மாற்றச் சொன்னார். அதிகாரப்பூர்வமான வாக்குமூலம் என்றால் சுத்தத் தமிழில் இருக்க வேண்டுமாம்.

அந்தத் தாளோடு இருவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். அவர் படித்தார். அவருடைய சிரிப்பு ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததை எதிரே உட்கார்ந்து பார்த்தேன்.

“கடிதம் தயார் மேடம். நாளைக்கு அனுப்பணும். இவரு ஏதோ மனசு கேக்காம சொல்றாரு. சாட்சி பாட்டில் சுத்தம்னு ஆய்வகமே சொல்லிருக்குது.”

“அனுப்பிடலாம் சார்” என்றார் மேடம், அதே மெல்லிய குரலில். “கூடவே இவர் எழுதுனதையும் இணைச்சு அனுப்பிடலாம். அவங்க கேட்டது முழு விவரம்தானே.”

மேனேஜர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சன்னலுக்கு வெளியே புல்தரையைப் பார்த்தார்.

“திரும்ப எடுங்க” என்றார். “இந்தத் தடவை நீங்களே போங்க மேடம்.”

மேடம் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முதல் நாளே என் சட்டையைக் கொண்டுவரச் சொல்லி, காலரைத் திருப்பி, நூல் நைந்திருப்பதைப் பார்த்து ஒப்புக்கொண்டார். எத்தனை தரம் துவைத்தது என்று என் மனைவியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். “அதுவா? ரெண்டு வருசமா தூக்கிப் போடச் சொல்லிக்கினு இருக்கேன் மேடம்” என்று பதில் வந்தது. தேறிவிட்டேன். மேடமும் ஒரு சாயம் போன பருத்திச் சேலையில் வந்தார். நான்கு பாட்டிலையும் ஓடைவரை நானே தூக்கினேன்.

ராமாயி அதே இடத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இன்னா சாமி, போன தபா சோக்கா வந்த. இந்த தபா நைஞ்ச சட்டையோட வர்ற. வேலை போயிடுச்சா?”

“இன்னும் போவலம்மா” என்றேன்.

“சீக்கிரமே போய்டும்” என்றார் மேடம். அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

சாட்சி பாட்டிலை ஓடைக்கரையிலேயே திறந்து ஊற்றினோம். பிறகு மாதிரி எடுத்தோம். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு ஒவ்வொரு டிக்காகப் போட்டேன். மேடம் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறந்ததிலிருந்து அவ்வளவு ஒழுங்காக நான் எதையும் எழுதியதில்லை.

ஓடையில் பிஃபாஸ் இல்லை என்று அறிக்கை வந்தது. காலனிப் பம்பில் முன்பு இருந்த அளவு அப்படியே இருந்தது. அப்படியென்றால் அது எங்களுடையதுதான். எந்த வழியாகப் போயிருக்கும் என்று தேட அதிக நாள் ஆகவில்லை. மேடம் தொழிற்சாலையின் வரைபடத்தை விரித்து, மதிலுக்கும் காலனிக்கும் நடுவே விரலை வைத்தார். என் புல்தரை. தினமும் இரண்டு வேளை, நான் தெளிய வைத்த தண்ணீரை நானே அங்கே பாய்ச்சியிருக்கிறேன். ஃப்ளோரைடு சேறாகப் படிந்தது. மற்றது புல்லையும் மண்ணையும் கடந்து, சத்தமில்லாமல் அவர்கள் குடிக்கிற தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புல்லுக்குத் தண்ணீர் நிறுத்தினார்கள். ஒரே மாதத்தில் அது வைக்கோல் ஆனது. பூச்சு அலசுகிற தண்ணீரை மட்டும் தனிக் குழாயில் பிரித்தார்கள். சுண்ணாம்புத் தொட்டிக்குப் பின்னால் கரி நிரப்பிய உருளைகள் வந்தன. அந்தக் கரியில்தான் இது ஒட்டும். ஒட்டிய கரியைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது, மிக அதிகமான சூட்டில் எரிக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். வேறு பூச்சு ஒன்றையும் முயன்று பார்த்தார்கள். பாதி வேலைக்குச் சரிவந்தது, மீதிக்குச் சரிவரவில்லை. காலனிக்கு முதலில் லாரித் தண்ணீர், பிறகு கூட்டுக் குடிநீர்க் குழாய். பம்பில் இப்போதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாதிரி எடுக்கிறார்கள். குறைந்துகொண்டு வருகிறது. போய்விடவில்லை. எனக்கு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். அதில் மேடம் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் துல்லியமாகக் குறித்திருந்தார்.

ஆனால் இதெல்லாம் தொடங்குவதற்கு முன்பு, அறிக்கை வந்த அன்றே ஒரு வேலை இருந்தது. பஞ்சாயத்துக்கு முறைப்படி கடிதம் போகும், அதைப் படித்துக் காலனிக்குச் சொல்ல ஒரு வாரமாவது ஆகும். “அதுவரைக்கும் குடிச்சிக்கினு இருப்பாங்களே அண்ணா” என்றார் மேடம். நான் போகிறேன் என்றேன்.

சாயங்காலம். கரும்பு வெட்டப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். பம்படியில் பத்துப் பதினைந்து குடம் வரிசையில் இருந்தது. அஞ்சலையக்கா கைப்பிடியை அழுத்திக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“அக்கா, இந்தத் தண்ணிய இனிமே குடிக்காதீங்க. சமைக்கவும் வேணாம். காச்சுனாலும் போகாது. நாளைக்குக் காலைல லாரி வரும்.”

கைப்பிடி நின்றது.

“இன்னா இருக்குது அதுல?”

“எங்க கம்பெனி மருந்து ஒண்ணு. நாங்க அலசி வுட்டது. மண்ணுல எறங்கி வந்துடுச்சு.”

“எத்தினி வருசமா?”

“தெரியலக்கா. நாங்க அத தேடவே இல்ல. புல்லுக்குத் தண்ணி வுட ஆரம்பிச்ச நாளா இருக்கலாம். அது என் யோசனைதான்.”

“இன்னா பண்ணும் அது? கொழந்தைக்கு?”

“ஒண்ணும் ஆகாமயும் போலாம். ஆகவும் ஆகலாம். உறுதியா எனக்குச் சொல்லத் தெரியாது. டாக்டருக்குத் தெரியப்படுத்துறோம், பாக்கச் சொல்றோம்.”

வரிசையில் ஒருவர் கெட்ட வார்த்தையால் திட்டினார். நியாயமாகத்தான் இருந்தது. வேறொருவர் குடத்தை அங்கேயே கவிழ்த்தார். அஞ்சலையக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக எனக்கு ‘ங்க’ போடாமல் அவர் பேசியதில்லை.

“நீ குடிச்சியா?” என்றார்.

எங்கள் கம்பெனியில் குடிக்க வைக்கும் வடிகட்டிய தண்ணீர் சப்பென்று இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு நான் அந்தப் பம்பில்தான் பிடித்துக்கொண்டு போவேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து அப்படித்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை.

“குடிச்சேங்கக்கா. தெனிக்கும்.”

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். முந்தானையில் துடைத்துக்கொண்டார். பம்பு மேடையில் தன் குடத்தை நகர்த்தி ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் செய்தார்.

“அப்ப உக்காரு. மொதல்ல இருந்து சொல்லு.”